அவர் பிடிக்காத வலது கை

எங்கள் ஊர் நாடி வைத்தியரை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனால், அந்த வீட்டார் அடுத்து வருவது என் கடைக்குத்தான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவன் நான். ரயில், ஆம்னி பஸ், விமானம் எல்லாம் உண்டு. போகப் போக ஜெராக்ஸும் ஆதார் திருத்தமும் சேர்ந்துகொண்டன. படுக்கையில் கிடக்கிறவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளையளுக்குச் சொல்லிருங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டு ஆள் ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நிற்பார். பெற்ற பிள்ளைகள் பெங்களூர், துபாய், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிற ஊரில் சாவுக்கும் முன்பதிவு தேவைப்படுகிறது. "நீங்க ரெண்டு பேரும் கூட்டுத் தொழில்லா" என்று பக்கத்து டீக்கடைக்காரர் கேலி செய்வார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றுவார்.

நோயைக் குணமாக்க அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. அதற்கு ஆஸ்பத்திரி இருந்தது, ஆஸ்பத்திரியில் ஆகாததற்குக் கோயில் புற்றுமண் இருந்தது. அவரைக் கூப்பிடுவது நாள் தெரிந்துகொள்வதற்காக. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு லீவு நினைத்தபோதெல்லாம் கிடைக்காது. முந்திக்கொண்டு வந்தால் சாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார். மகன் லீவு முடிந்து போன மறுவாரம் கண்ணை மூடுவார். பிந்தி வந்தால் ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாகத்தான் முகம் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைக் குறித்துச் சொல்ல எந்த டாக்டரும் வர மாட்டார். இவர் சொல்வார். தேதி சொல்வதில்லை. "அமாவாசை தாண்டாது" என்பார், "கொடியேத்தம் பாக்கும், தேரு பாக்காது" என்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், அவர் பார்க்க மாட்டார் என்பதைத்தான் சொல்வேன். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிற மனிதர். ஆனால் நோயாளி கிடக்கும் அறை வாசலுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். யாராவது தோளைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வைக்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நோயாளியின் கைமேல் விரித்துவிட்டு, அதற்குள் விரல்களை நுழைப்பார். "என்ன நோவுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லப்படாது" என்பது அவர் போட்ட சட்டம். யாராவது அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன்.

"முகத்தைப் பாத்தா பொய் சொல்லத் தோணும் வே. கிடக்கிறவன் மூஞ்சி கெஞ்சும். பக்கத்துல நிக்கிறவ மூஞ்சி அதைவிடக் கெஞ்சும். விரலுக்குத் தாட்சணியம் கிடையாதுல்லா."

இந்தப் பழக்கம் வீதியிலும் அவரை விடவில்லை. கத்தரிக்காயைத் தள்ளுவண்டிக்காரனிடம் பேசிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு, தடவித் தடவிப் பொறுக்குவார். ஒன்று கூடச் சொத்தையாக இருக்காது. கல்யாண வீட்டு வாசலில் வாங்க என்று நீட்டிய கையை அவர் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், அந்த ஆளுக்குப் பந்தியில் சோறு இறங்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அவரைக் கண்டால் தூரத்திலேயே கும்பிட்டுவிடுவார்கள். நானும் பல வருஷம் கும்பிட்டுத்தான் தப்பித்தேன்.

எங்கே படித்தார் என்று கேட்டால் ஒரே பதில் வராது. நாடி அவர் குடும்பத்துச் சொத்து, அப்பா சித்த வைத்தியர். அதோடு நிற்காமல் வாலிபத்தில் பினாங்குக்குப் போய் ஒரு சீன மருந்துக் கடையில் வேர் நறுக்கியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு கடையநல்லூரில் யூனானி வைத்தியம் பார்க்கும் ஒரு ஹக்கீமிடம் போய்ப் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறார். மூன்றையும் அவர் தனித்தனியாக வைத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் என் மேசைமேல் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். முண்டும் முடிச்சுமாக ஏதோ காய்ந்த கிழங்கு.

"இது என்னன்னு சொல்லும், பாப்போம்."

"பறங்கிப்பட்டை. எங்க அம்மைக்குக் கரப்பானுக்கு இடிச்சுக் குடுத்திருக்காக."

"நம்ம நாட்டு மருந்துன்னு நெனைச்சீராக்கும்? இது சீனாவுல வெளையுதது. பறங்கிக்காரன் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தான், அதான் அவன் பேரு. ஹக்கீம் இதையே சோப்சீனிம்பாரு, சீனத்துக் கட்டைன்னு அர்த்தமாம். அதே மாதிரி பினாங்குல என் சீனன் கடையில நம்ம கடுக்காயைப் பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருந்தான். அது ஏதோ அவன் தாத்தன் கண்டுபிடிச்ச மாதிரி எனக்கே வெளக்கம் சொல்லுதான். நான் வாயைத் தொறக்கலையே."

நாடியிலும் அப்படித்தான் என்பார். நம் ஆட்கள் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறார்கள். சீனனும் அதே மூன்று விரலை, ஏறக்குறைய அதே இடத்தில்தான் வைக்கிறான், ஆனால் அவனுக்கு ஒவ்வொரு விரலின் கீழும் ஒவ்வொரு உறுப்பு. ஹக்கீம் நாலாவது விரலையும் சேர்த்துக்கொள்கிறார். நம்மவர்களுக்கு நாடி கோழியாக நடக்கும், ஆமையாக ஊரும், தவளையாகத் தத்தும். ஹக்கீமுக்கு மானாகத் துள்ளும், எறும்பாக ஊரும். சீனனுக்குச் சாகப்போகிறவனின் நாடி குருவி கொத்துகிற மாதிரி, கூரை ஒழுகுகிற மாதிரி. "யாருகிட்ட இருந்து யாரு எடுத்தான்னு எனக்குத் தெரியாது வே. புத்த பிக்கு கொண்டு போனானோ, யாவாரி கொண்டு வந்தானோ. எல்லா ஊர்லயும் மனுசன் செத்துருக்கான், எல்லா ஊர்லயும் ஒருத்தன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கான். அது மட்டும் நிச்சயம்" என்றார்.

துண்டு போடுகிற பழக்கம் ஹக்கீமிடம் எடுத்தது. அங்கே பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து கையை மட்டும் நீட்டுவார்களாம். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவளைப் பார்க்காமலே சொல்ல வேண்டும். அது இவருக்குப் பிடித்துப் போயிற்று. பினாங்கில் படித்தது இரண்டு கையையும் பிடித்துப் பார்ப்பது. உடம்பில் பாதி இடது கையில் பேசும், மீதி வலது கையில் பேசும் என்பது சீனனின் கணக்கு. ஊருக்கு வந்த புதிதில் இவரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். ராயகிரிப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் இரண்டு கையையும் பிடித்தபோது அவள் புருஷன் சண்டைக்கு வந்துவிட்டானாம். பொம்பளைக்கு இடது கை, ஆம்பளைக்கு வலது கை என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், வலது கையில் இவனுக்கு என்ன வேலை என்று ஊரே கூடிவிட்டது. அத்தோடு அதை விட்டுவிட்டார். "சீனன்கிட்டப் படிச்சதுல பாதியைக் கடல்ல போட்டாச்சு. ஊரோட ஒத்துப் போவணும்லா" என்று இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

முத்துலட்சுமி மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள். போக வர எல்லா டிக்கெட்டும் நான்தான் போட்டுக் கொடுப்பேன். திருவேங்கடம் ரோட்டில் அவள் வீடு. அப்பா தறி ஓட்டி ஓட்டி நெஞ்சு கெட்டுப் போனவர். அம்மா கிட்னி கெட்டு, ரத்தம் சுத்தம் செய்யத் தென்காசிக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். ஆனி மாதக் கடைசியில் அந்த அம்மா, இனிமேல் என்னால் ஊசி குத்திக்கொள்ள முடியாது, செத்தாலும் வீட்டில் சாகிறேன் என்று சொல்லிப் படுத்துவிட்டார். நிறுத்தினால் சில நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதற்கு முன்னாலும் அப்படிச் சொல்லி அந்த அம்மா பிழைத்து வந்ததால், வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முத்துலட்சுமி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவைதான் விடுவோம்னு சொல்லிட்டாங்க. இப்பம் வந்துட்டுத் திரும்புனா, பொறவு சாவுக்கு விட மாட்டாங்க. செத்த பொறவு வந்து நான் என்ன செய்ய? எங்கம்மா என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசணும், அது போதும் எனக்கு. நாடி பாக்குத ஐயாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அவுக சொன்ன மாதிரி வாரேன்."

அவளுக்கு மறுநாள் விமானத்தில் டிக்கெட் போட்டு வைத்துவிட்டு, அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவளுடைய அப்பா தோளைப் பிடித்து அவரை உள்ளே கூட்டிப் போனார். நான் வாசலில் வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில் முத்துலட்சுமி மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வரும்போது முகமே வேறு மாதிரி இருந்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"வண்டு மாதிரிப் பாடுது வே! விரலுக்கடியில ரீங்காரம் போடுது. இத்தனை வருசத்துல இப்படி ஒரு பலத்தை நான் தொட்டதே கிடையாது. எங்கப்பன் சொல்லலை, சீனன் சொல்லலை, ஹக்கீமும் சொல்லலை. அவ தபசு பாத்துருவா. அந்தப் பிள்ளையைப் பதறாம வரச் சொல்லும்."

போனில் அவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "சாமி" என்று ஒரு சத்தம், பிறகு அழுகை. டிக்கெட்டைக் கோயில் ஆடித் தபசுத் திருவிழா வாரத்துக்கு மாற்றிப் போட்டேன்.

கோயிலில் கொடி ஏறுவதற்கு முன்பே அந்த அம்மா போய்விட்டார். கடைசியில் பேச்சு தெளிவாக இல்லை என்றும், மகள் பேரை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார் என்றும் அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். செய்தி போனதும் முத்துலட்சுமி கிடைத்த விமானத்தில் கிளம்பிவிட்டாள். அவள் வந்து சேரும்வரை வைத்திருக்க ஐஸ் பெட்டி வந்தது.

சாவு வீட்டுக்குப் போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று தானாகவே என் கடைக்கு வந்து, "என்னைக் கூட்டிட்டுப் போம்" என்றார். பெட்டிக்கு அருகில் போனதும் கண்ணைத் திறந்து பார்த்தார். அந்த அம்மாவின் கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு, அதிலிருந்து முழங்கைவரை கயிறு மாதிரி புடைத்த நரம்பு.

"இது என்ன வீக்கம்?" என்று முத்துலட்சுமியின் அப்பாவிடம் கேட்டார்.

"ரத்தத்தை வெளிய எடுத்து உள்ள விடுததுக்கு, உள்ள ரெண்டு நரம்பைச் சேத்துத் தச்சிருந்தாங்கய்யா. தொட்டா விர்ருனு இருக்கும். தூக்கம் வரலைன்னா அதைக் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டே கிடப்பா."

அவர் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். வேப்பமரத்தடிக்கு வந்த பிறகுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. அந்தத் தையலை அநேகமாக இடது கையில்தான் போடுகிறார்கள். இவர் அதே நோய் வந்த ஆண்களுக்கு எத்தனையோ தடவை நாடி பார்த்திருக்கிறார். எல்லாம் வலது கை. பெண்ணுக்கு இப்போதுதான் முதல் தடவை. உயிரின் பலம் என்று அவர் நினைத்தது, டாக்டர் தைத்த இடத்தில் ரத்தம் சுழித்து ஓடிய சத்தம்.

"வலது கையையும் பிடிச்சிருந்தா அவ போறது தெரிஞ்சிருக்கும் வே. ஒரு தடவை கண்ணைத் தொறந்து பாத்திருந்தாக் கூட என்னன்னு கேட்டிருப்பேன்லா" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இந்தத் துண்டையும் திரையையும் இடது கையையும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் பொறுக்கி எடுத்துவந்தவர், அவசியமான ஒன்றை மட்டும் கடலில் போட்டுவிட்டாரே என்று ஆத்திரமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டேன்.

முத்துலட்சுமி வந்து அழக்கூட இல்லை. கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்த பிறகும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவள் அவர் வீட்டுக்கே போனாள், அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு. சண்டை போடத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் கூடப் போனேன். அவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, "ஐயா, எங்கப்பாவுக்குப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவர் மிரண்டுவிட்டார். "எங்கிட்டயா தாயி?"

"வேற யாருகிட்டக் கேப்பேன்? நான் போனா அடுத்து எப்பம் விடுவாங்கன்னு தெரியாது. அப்பாவைப் பாத்துட்டேன்னாவது இருக்கட்டும்."

இந்தத் தடவை அவர் துண்டை எடுக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. அந்தக் கிழவரின் வலது கையைப் பிடித்தார், பிறகு இடது கை, பிறகு இரண்டையும் சேர்த்து. நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தை அழுத்திப் பார்த்தார். என்ன செய்கிறது, எப்போது மூச்சு முட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை வருஷம் கேட்காத கேள்வியெல்லாம் அன்று கேட்டார். கடைசியாக முத்துலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. நான்தான் பொய் சொல்லுங்கள் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இப்பம் போவாத தாயி" என்றார். "ஆடி தாண்டாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டிக்கெட்டை மாத்தலாமா அண்ணாச்சி?"

"மாத்தலாம்மா. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல."

அவள் வெளியே போய் மஸ்கட்டுக்குப் போன் செய்தாள். தெரிந்த அரபியில் கெஞ்சுவது உள்ளேவரை கேட்டது. திரும்பி வந்து, "சொன்ன நாளைக்கு வரலைன்னா வேற ஆளை வச்சுக்கிடுவாங்களாம்" என்றாள். அந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, ஹாஸ்டலில் இருக்கும் அவள் மகளின் படிப்பும் நின்றுவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது அவள் அப்பா சிரித்தார். இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ போ மக்களே. அவுக உங்கம்மைக்குச் சொன்னதும் தப்பாத்தானே போச்சு. இதுவும் தப்பாத்தான் இருக்கும். நான் உன் மக கல்யாணத்தைப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றார்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"போன தடவை தப்பாச் சொன்னாகல்லா. இந்தத் தடவையும் தப்பா இருக்கும்லா அண்ணாச்சி?"

"இருக்கும்மா" என்றேன்.

உள்ளே அவருக்கு அது கேட்டிருக்கும். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு தினமும் காலையில் அவர் அந்த வீட்டுக்கு நடந்தே போனார். தூதுவளையும் திப்பிலியும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், ஹக்கீம் சொன்ன எண்ணெயை நெஞ்சில் தேய்த்தார், பினாங்கில் பார்த்தபடி முதுகில் சூடு செய்த கண்ணாடிக் குப்பிகளைக் கவிழ்த்தார். நாள் மட்டும் சொல்லிவந்த மனிதர், தெரிந்த வைத்தியம் எல்லாவற்றையும் அந்த ஒரு உடம்பில் கொட்டினார். வேறு எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் போகவில்லை. திரும்பும் வழியில் என் கடையில் நின்று, "இன்னைக்குக் கொஞ்சம் தெளிவு இருக்கு வே" என்பார். தான் சொன்னது தப்பாகிவிட வேண்டும் என்று அந்த மனிதர் அலைந்த அலைச்சலைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தபசு அன்று கிழவரை ஆட்டோவில் வைத்துத் தெற்கு ரத வீதி முனைவரை கூட்டிவந்து கூட்டத்தைக் காட்டினார். கிழவர் போனில் மகளுக்கும் காட்டினார்.

தபசுக் கூட்டம் வடிந்து, ரோட்டோரக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் வந்தார். உட்காரவில்லை. அவர் கேட்கும் முன்பே நான் போனைக் கையில் எடுத்தேன்.

"ஆயிட்டா?"

"ஆயிட்டு வே. அவரு கை என் கையிலதான் இருந்துச்சு." என் கையிலிருந்த போனைப் பார்த்துச் சொன்னார்: "அவகிட்டப் பேசும்போது, நான் சொன்னபடியே ஆச்சுன்னு மட்டும் சொல்லிராதீரும். நேத்துவரை நல்லா இருந்தாரு, திடீர்னு ஆயிட்டுன்னு சொல்லும். தெரிஞ்சே விட்டுட்டு வந்துட்டோம்னு அந்தப் பிள்ளை நெனைக்கப்படாது."

பொய்க்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு வாழ்ந்தவர், நான் எண்களை அழுத்துவதை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மணியிலேயே முத்துலட்சுமி எடுத்துவிட்டாள். அவர் சொல்லித் தந்ததையே சொன்னேன்.

"திடீர்னா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன். "திடீர்னுதான்."